முதலில் என்ன செய்வீர்கள்? அமெரிக்கச் சமூகப்பணி உரிமத் தேர்வும் அதற்கான ஆயத்தமும்

அமெரிக்காவில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலான மாநிலங்களில் மனநல ஆலோசனை வழங்கவோ உரிமம் பெற்ற சமூகப்பணியாளர் என்று பெயர்ப்பலகை வைக்கவோ முடியாது. அதற்கு அவர் பணிபுரியும் மாநிலத்தின் உரிம வாரியம் அனுமதி அளிக்க வேண்டும். அந்த அனுமதிக்கான பாதையில், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, ஒரு பொதுத் தேர்வு நிற்கிறது. சமூகப்பணி வாரியங்களின் சங்கம், அதாவது ஏ.எஸ்.டபிள்யூ.பி., நடத்தும் இந்தத் தேர்வைப் பற்றித் தேர்வர்களிடையே நிலவும் அச்சம் பெரிது. பல ஆண்டுகள் களத்தில் சிறப்பாகப் பணியாற்றியவர்கள்கூட இதில் தோற்கிறார்கள். எவ்வளவு படித்தோம் என்பதைவிட, தேர்வு எதைக் கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டு படித்தோமா என்பதே இங்கே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில் சமூகப்பணியை முதன்முதலில் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது புவெர்ட்டோ ரிக்கோ. அது நடந்தது 1934இல். மாநிலங்களில் கலிபோர்னியா 1945இல் அதற்கு வழி திறந்தது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் இயற்றியதால், ஒரு மாநிலத்தில் தகுதி பெற்றவரை அடுத்த மாநிலம் எப்படி மதிப்பிடுவது என்ற சிக்கல் எழுந்தது. அந்தச் சிக்கலின் நடுவே 1979இல் மாநில வாரியங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கத்தை அமைத்தன. 1983இல் அதன் தேர்வு முதன்முதலாக நடத்தப்பட்டது. ஆகவே இங்கே இரு வேறு அமைப்புகள் உள்ளன என்பதைத் தேர்வர் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்த வேண்டும். உரிமம் தருவது மாநில வாரியம். தேர்வை உருவாக்கி நடத்துவது சங்கம். முதலில் வாரியத்திடம் விண்ணப்பித்து, தேர்வெழுதும் ஒப்புதலைப் பெற்ற பிறகே சங்கத்திடம் பதிவுசெய்து கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்தில் நாள் குறிக்க இயலும். இந்த வரிசையை அறியாமல் புத்தகக் கடைக்கு முதலில் ஓடுபவர்கள், படிப்பு சூடேறிய நேரத்தில் ஒப்புதலுக்காகக் காத்திருக்க நேர்கிறது.

தேர்வு ஒன்றல்ல. இளங்கலைப் பட்டதாரிகளுக்கு ஒரு நிலை, முதுகலைப் பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு நிலை, முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையின் கீழ் பணியாற்றியவர்களுக்கு உயர்நிலைப் பொதுத்தேர்வு, மனநலக் கோளாறுகளை அறிந்து சிகிச்சை அளிப்பது சார்ந்த மருத்துவமுறைச் சமூகப்பணித் தேர்வு என்று அது பிரிகிறது. இவற்றுள் தனியாக ஆலோசனை மையம் நடத்தவும், காப்பீட்டு நிறுவனங்களிடம் கட்டணம் பெறவும் வழிசெய்யும் மருத்துவமுறைத் தேர்வுதான் பெரும்பாலோரின் இலக்கு. அதை எழுதுவதற்கு முன் பெறவேண்டிய மேற்பார்வைப் பணி அனுபவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அது 3,000 மணி நேரம். கலிபோர்னியாவில் இதற்கு மேலாக, அம்மாநிலச் சட்டத்தையும் தொழில்நெறியையும் பற்றிய தனித் தேர்வு ஒன்றும் உண்டு.

2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடவரைவின்படி அமைந்த தேர்வு 170 வினாக்களைக் கொண்டது; நேரம் நான்கு மணி. அவற்றுள் 150 வினாக்களுக்கு மட்டுமே மதிப்பெண். மீதி 20 வினாக்கள் எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அவை என்பது தேர்வருக்குத் தெரியாது. ஆகவே, இதுவரை கேள்விப்பட்டிராத ஒன்றைப் பற்றிய வினா வந்தால் மனம் தளர்ந்துபோக வேண்டியதில்லை. அது கணக்கில் சேராத வினாவாகவும் இருக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் எந்த வினாவையும் வெறுமையாக விட்டுவைக்கக் கூடாது. மருத்துவமுறைத் தேர்வில் மனித வளர்ச்சியும் சூழலும் 24 விழுக்காடு, மதிப்பீடும் நோயறிதலும் சிகிச்சைத் திட்டமிடலும் 30 விழுக்காடு, உளச்சிகிச்சையும் இடையீடுகளும் (அதாவது, உதவி நடவடிக்கைகளும்) 27 விழுக்காடு, தொழில் விழுமியங்களும் நெறியும் 19 விழுக்காடு என்று எடை பகிரப்பட்டது. முதுகலை நிலைத் தேர்விலோ நெறிமுறைப் பகுதியின் எடை 25 விழுக்காடு. களத்தில் உள்ள சமூகப்பணியாளர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஆய்ந்து, அந்த ஆய்வின் அடிப்படையில் பாடவரைவு காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது. வினா எண்ணிக்கையும் அதனுடன் மாறக்கூடும். எனவே, தேர்வெழுதும் ஆண்டுக்குரிய வரைவைச் சங்கத்தின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நண்பர் தந்த பழைய கையேட்டை நம்பி ஆயத்தத்தைத் தொடங்குவது வீண் உழைப்பில் முடியலாம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். தேர்வின் வினாக்களில் ஒரு பகுதி நேரடியான அறிவைக் கேட்கும். ஆனால் தேர்வரைத் தடுமாறவைப்பவை, ஒரு சூழ்நிலையைச் சில வரிகளில் சொல்லி, ‘முதலில் என்ன செய்ய வேண்டும்’, ‘அடுத்து என்ன’, ‘மிகச் சிறந்த பதில் எது’ என்று கேட்பவை. இவற்றில் கொடுக்கப்படும் தெரிவுகளில் இரண்டோ மூன்றோ, என்றாவது ஒரு கட்டத்தில் செய்யத்தக்க நல்ல செயல்களாகவே இருக்கும். நல்லதா கெட்டதா என்று பார்த்து விடையளிப்பவர் இங்கே தோற்பார். இந்த நொடியில், இந்தத் தகவலோடு, எது முந்தியது என்று பார்ப்பவரே தேறுவார்.

ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துச் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிவுக்குச் சிகிச்சை முடிந்த 72 வயதுப் பெண்மணி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவே விரும்புகிறார். அவருடைய மகனோ, தாயை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்யுமாறு சமூகப்பணியாளரைக் கேட்டுக்கொள்கிறார். சமூகப்பணியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன? பராமரிப்பு இல்லத்தின் நன்மைகளை அப்பெண்மணிக்கு எடுத்துச் சொல்வதா, மகனின் கவலையை மருத்துவரிடம் தெரிவிப்பதா, வீட்டில் அவரால் எப்படிச் சமாளிக்க முடியும் என்பதை அவரோடு பேசி மதிப்பிடுவதா, வீட்டுப் பராமரிப்பு உதவியாளரை ஏற்பாடு செய்வதா?

விடை மூன்றாவது. இங்கே பயனாளி தாய்தான்; மகன் அல்லர். அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று வினா எங்கும் சொல்லவில்லை. ஆகவே இல்லையென்று நாமாக ஊகிக்கக் கூடாது. வீட்டு உதவியாளரை ஏற்பாடு செய்வது நல்ல செயலே, ஆனால் மதிப்பீடு இல்லாமல் இடையீடு இல்லை. தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வினா சற்றுக் கூடுதலாகவே கடினமாகலாம். வயதான தாயின் மருத்துவ முடிவுகளைப் பிள்ளைகள் எடுப்பது நம்மிடையே அக்கறையாகவே கருதப்படுகிறது. மருத்துவரும் பிள்ளைகளை அழைத்துத்தான் பேசுகிறார். அந்தப் பழக்கத்தில் அன்பும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தேர்வு, தன் வாழ்வைப் பற்றிய முடிவைப் பயனாளியே எடுக்க வேண்டும் என்னும் அமெரிக்கச் சமூகப்பணியின் சுயநிர்ணயக் கொள்கையின் மீது எழுப்பப்பட்டது. அந்த அடித்தளத்தை உணர்ந்து உள்வாங்காமல் விடைகளை மட்டும் மனனம் செய்தால், அடுத்த வினாவில் சூழ்நிலை சற்று மாறியவுடன் பழைய உள்ளுணர்வே பேசத் தொடங்கிவிடும்.

இன்னொரு சூழ்நிலை. வேலையிழந்து ஒரு மாதமாகிய நடுத்தர வயது ஆண் ஒருவர், தினமும் குடிப்பதாகவும் இனி வாழ்ந்து பயனில்லை என்றும் ஆலோசனை அமர்வில் சொல்கிறார். குடிநோய் மீட்புக் குழுவுக்கு அனுப்புவது, வேலைவாய்ப்பு உதவிக்கு இணைப்பது, மனநல மருத்துவரிடம் பரிந்துரைப்பது, தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது ஆகிய நான்கில் முதலாவது எது? கேட்பதே முதலாவது. உயிர்ப் பாதுகாப்பு மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. வாழ்ந்து பயனில்லை என்ற சொற்களின் பின்னால் திட்டம் இருக்கிறதா, அதற்கான வழி கைவசம் உள்ளதா என்பது தெரியாமல் எந்தப் பரிந்துரையும் பொறுப்பானதாகாது. இப்போது அதே வினாவில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்: தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகவும் இன்றிரவு அதைப் பயன்படுத்தப் போவதாகவும் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இனி எண்ணம் உண்டா என்று கேட்பது விடையாகாது, அது தெரிந்துவிட்டது. அவரைத் தனியே விடாமல் அவசர மனநல மதிப்பீட்டுக்கு உடனே ஏற்பாடு செய்வதே விடை. ஒரு வரி மாறியதும் விடை மாறுகிறது. பயிற்சியின்போது இப்படி ஒவ்வொரு வினாவிலும் ஒரு விவரத்தை மாற்றி, விடை நிற்கிறதா நகர்கிறதா என்று பார்த்துப் பழகுவதைப் போல் பயன் தரும் பயிற்சி வேறொன்றை நான் கண்டதில்லை.

அனுபவசாலிகள் இடறுவதும் இங்கேதான். அலுவலகங்களில் ஆள் குறைவு, படுக்கை குறைவு, நேரம் குறைவு; மதிப்பீட்டைப் பாதியில் நிறுத்திப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய நிலை அன்றாடம் வருகிறது. தேர்வு காட்டும் உலகில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே மேற்பார்வையாளர் எப்போதும் இருக்கிறார், காத்திருப்புப் பட்டியல் இல்லை, சமூகப்பணியாளர் நெறிமுறையை எழுத்தெழுத்தாகப் பின்பற்ற இயலும். ‘எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் செய்வோம்’ என்ற எண்ணம் தலைதூக்கும்போதெல்லாம் தேர்வர் அதை ஒதுக்கிவைத்து, வினாவில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

நெறிமுறைப் பகுதிக்குத் தேசியச் சமூகப்பணியாளர் சங்கமான என்.ஏ.எஸ்.டபிள்யூ.வின் தொழில்நெறிக் கோவையே அடிப்படை. 1960இல் முதன்முதலில் ஏற்கப்பட்டு, 1996இல் பெரிதும் புதுப்பிக்கப்பட்டு, தொழில்நுட்பப் பயன்பாட்டுக்காக 2017இலும், தற்பராமரிப்பையும் பண்பாட்டுத் திறனையும் வலியுறுத்தி 2021இலும் திருத்தப்பட்ட ஆவணம் அது. சேவை, சமூக நீதி, மனிதரின் மாண்பும் மதிப்பும், மனித உறவுகளின் முக்கியத்துவம், நேர்மை, திறமை என்னும் ஆறு விழுமியங்களின் மேல் அது நிற்கிறது. அதை முழுவதும் பலமுறை படிக்க வேண்டும். சுருக்கக் குறிப்புகள் போதா. ஏனெனில் வினாக்கள் அதன் நுணுக்கங்களிலிருந்து எழுகின்றன. எடுத்துக்காட்டாக, சக பணியாளர் ஒருவரின் குடிப்பழக்கம் அவருடைய பணியைப் பாதிப்பதாக நேரடியாகத் தெரியவந்தால், உடனே வாரியத்துக்குப் புகார் எழுதுவது பலருக்கு நேர்மையான செயலாகத் தோன்றும். ஆனால் இயன்றவரை முதலில் அவரிடமே பேசி, சரிசெய்துகொள்ள உதவுமாறு கோவை சொல்கிறது; அது பயன்படாதபோதே உரிய அமைப்புகளிடம் செல்ல வேண்டும். முன்னாள் பயனாளியோடு பாலுறவு கூடாது என்பதையும், பணத்துக்குப் பதிலாகப் பொருளையோ உழைப்பையோ பெறுவதை மிக அரிதான சூழ்நிலைகள் தவிரத் தவிர்க்க வேண்டும் என்பதையும், பயனாளியோடு பணிக்கு வெளியே வேறோர் உறவும் அமையும் இரட்டை உறவு தவிர்க்க இயலாதபோது எல்லைகளை வகுப்பது பணியாளரின் பொறுப்பே என்பதையும் அங்கேதான் காண்கிறோம்.

இரகசியம் காத்தலின் எல்லை குறித்த வினாக்கள் தவறாமல் எதிர்பார்க்கப்படுபவை. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில் 1976இல் அளித்த தீர்ப்பு, பயனாளி மற்றொருவருக்குக் கடும் வன்முறை ஆபத்தாக இருக்கும்போது, அந்த மூன்றாம் நபரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. அதன்பின் மாநிலங்கள் இதைப் பல்வேறு வடிவங்களில் சட்டமாக்கின. குழந்தை வதை பற்றிய நியாயமான சந்தேகம் எழுந்தால், ஆதாரம் திரட்டும்வரை காத்திராமல் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. விசாரிப்பது அந்த அமைப்பின் வேலை. ஏ.எஸ்.டபிள்யூ.பி. தேர்வு நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால் ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரிய விதியை அது கேட்பதில்லை. சொந்த மாநிலச் சட்டத்தை மட்டும் ஆழமாக அறிந்தவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நோயறிதல் பகுதிக்கு மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு அடிப்படை; அதன் ஐந்தாம் பதிப்பு 2013இலும் அதன் உரைத் திருத்தப் பதிப்பு 2022இலும் வெளிவந்தன. நூற்றுக்கணக்கான கோளாறுகளையும் ஒரே அளவில் மனத்தில் ஏற்ற முயல்வது வேண்டாத சுமை. ஒன்றையொன்று ஒத்திருந்து, பெரிதும் கால அளவால் பிரியும் கோளாறுகளைச் சேர்த்துப் படிப்பதே பயன்தரும். மாயத்தோற்றமும் பிரமையும் ஒரு நாளுக்கு மேல் ஒரு மாதத்துக்குள் அடங்கினால் குறுகியகால உளப்பிறழ்வு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை என்றால் மனச்சிதைவு வகைக் கோளாறு. குறைந்தது ஆறு மாதம் நீடித்தால்தான் மனச்சிதைவு நோய். பேரதிர்ச்சிக்குப் பின் மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை காணும் அறிகுறிகள் கடும் மன அழுத்தக் கோளாறு. ஒரு மாதத்தைத் தாண்டினால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. பெரும் மனச்சோர்வுக்கு இரண்டு வாரம், நீடித்த மனச்சோர்வுக்குப் பெரியவர்களிடம் இரண்டு ஆண்டு. மனநிலை கட்டின்றி உயரும் மிகையெழுச்சிக்கு ஒரு வாரம், அதன் மெல்லிய வடிவத்துக்கு நான்கு நாள். வினாவில் ‘மூன்று வாரங்களாக’ என்று ஒரு சொற்றொடர் இருந்தால் அது தற்செயலாக எழுதப்பட்டதன்று. அதேபோல், உளக் காரணத்தை முடிவுசெய்யும் முன் உடல்நோயோ மருந்தோ போதைப்பொருளோ காரணமா என்று பார்க்கச் சொல்லும் விடையைக் கவனமாக எடைபோட வேண்டும்; திடீரெனக் குழப்பமடைந்த முதியவருக்கு மருத்துவப் பரிசோதனையே முதலில் தேவை.

மனித வளர்ச்சி பற்றிய எரிக்சனின் எட்டு நிலைகள், குழந்தையின் சிந்தனை வளர்ச்சி பற்றிய பியாஜேயின் நான்கு நிலைகள், போவனின் குடும்ப அமைப்புக் கோட்பாடு, ப்ரோசாஸ்கா, டிகிளமென்டி ஆகியோர் விளக்கிய மாற்றத்தின் கட்டங்கள் போன்றவை வகுப்பறையில் படித்தவையே. அவற்றைப் பெயராக அல்லாமல் நடத்தையாக நினைவில் வைக்க வேண்டும். ‘என் மனைவிக்குத்தான் என் குடி பிரச்சினை, எனக்கில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் மாற்றத்தைப் பற்றி நினைக்கத் தொடங்காத கட்டத்தில் இருக்கிறார் என்றும், அவருக்குச் சிகிச்சைத் திட்டம் வரைந்து கொடுப்பது இப்போது பயன்படாது என்றும் உடனே தோன்ற வேண்டும்.

இந்தியாவில் சமூகப்பணி படித்துவிட்டு அமெரிக்கா செல்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இலும், சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952இலும் தொடங்கப்பட்டவை. ஆயினும் இந்தியாவில் சமூகப்பணிக்கு இத்தகைய பொது உரிமத் தேர்வு வழக்கத்தில் இருந்ததில்லை. 2021இல் இயற்றப்பட்ட தேசிய துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. இந்தியப் பட்டம் பெற்றவர், அமெரிக்கச் சமூகப்பணிக் கல்விக் கழகத்திடம் தம் பட்டத்தை மதிப்பிட்டுச் சமநிலைச் சான்று பெற்ற பிறகே பெரும்பாலான வாரியங்களை அணுக முடியும். பல்கலைக்கழக ஆவணங்களைத் தருவித்து அனுப்புவதற்கே நாளாகும் என்பதால் இதைப் படிப்புக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு, வாரியம் ஒப்புக்கொண்டால், கூடுதல் நேரமும் இருமொழி அகராதியும் போன்ற ஏற்பாடுகள் கிடைக்கக்கூடும். நாள் குறிப்பதற்கு முன்னரே இதைக் கேட்டுவிட வேண்டும். 2018 வரைவின்படி நான்கு மணி நேரத்தில் 170 வினாக்கள் என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. ஆங்கில வாக்கியத்தை இருமுறை படிக்க வேண்டியவருக்கு அந்தக் கூடுதல் நேரம் சலுகையன்று, சம வாய்ப்பு.

சம வாய்ப்பு என்ற பேச்சு இத்தேர்வைச் சூழ்ந்துள்ள பெரிய விவாதத்துக்கு நம்மை இட்டுச் செல்கிறது. 2022 ஆகஸ்டில் சங்கம் முதன்முறையாகத் தேர்ச்சி விகிதங்களை இனம், வயது, மொழி வாரியாக வெளியிட்டது. 2021இல் மருத்துவமுறைத் தேர்வை முதன்முறை எழுதிய வெள்ளையரில் 83.9 விழுக்காட்டினர் தேறியிருக்க, கறுப்பினத்தவரில் தேறியவர்கள் 45 விழுக்காட்டினர் மட்டுமே. வயது மிகுந்தவர்களும் ஆங்கிலம் முதன்மொழியாக இல்லாதவர்களும் பின்தங்கியிருந்தனர். கல்வி, வருவாய், வாய்ப்பு ஆகியவற்றில் சமூகத்தில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வே தேர்வில் வெளிப்படுகிறது என்பது சங்கத்தின் விளக்கம். அதை ஏற்காத என்.ஏ.எஸ்.டபிள்யூ., 2023இல் இத்தேர்வுகளுக்கு எதிரான நிலைப்பாட்டை அறிவித்தது. இலினாய் மாநிலம் 2022 தொடக்கத்திலிருந்து முதல்நிலை உரிமத்துக்குத் தேர்வுத் தேவையையே நீக்கியது. பயனாளிகளைப் பாதுகாக்க ஒரு அளவுகோல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் தேர்வரில் பாதிக்கு மேற்பட்டோரை முதல் முயற்சியில் வெளியே நிறுத்தும் அளவுகோல், அவர்களுடைய பணித்திறனைத்தான் அளக்கிறது என்பதை நிறுவும் கடமை அதை வைத்திருப்பவர்களுடையது. அந்த விவாதம் முடியும்வரை தேர்வர் காத்திருக்க முடியாது என்பதும் உண்மையே.

ஆயத்தத்தை நடைமுறையில் எப்படி அமைப்பது? முதலில் ஒரு முழுப் பயிற்சித் தேர்வை எழுதி, தேர்வின் பகுதிகளில் எது வலுவற்றது என்று காண வேண்டும். பிறகு அந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் இரண்டு மூன்று மாதங்களைத் திட்டமிட்டு, நாள்தோறும் ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொள்வது விடுமுறை நாளில் பத்து மணி நேரம் படிப்பதைவிட நிலைக்கும். சந்தையில் விற்கும் வினாத் தொகுப்புகளின் தரம் சீராக இல்லை. சங்கமே விற்கும் இணையவழிப் பயிற்சித் தேர்வு, முன்பு உண்மைத் தேர்வில் இடம்பெற்று ஓய்வுபெற்ற வினாக்களால் ஆனது என்பதால், அதை இறுதி வாரங்களுக்காக வைத்திருப்பது புத்திசாலித்தனம். எத்தனை வினா எழுதினோம் என்பதைவிட, தவறிய ஒவ்வொன்றிலும் மற்ற தெரிவுகள் ஏன் தள்ளப்பட்டன என்று சொந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தோமா என்பது முக்கியம். சேர்ந்து படிக்கும் குழுவில் இதை வாய்விட்டு விவாதிக்கும்போது சிந்தனையின் ஓட்டை உடனே வெளிப்படும்.

தேர்வு முடிந்ததும் மையத்திலேயே முடிவு தெரிந்துவிடும். 2018 வரைவின்படியான தேர்வில், தேர்ச்சிக்குத் தேவையான சரியான விடைகள் 150இல் ஏறத்தாழ 90 முதல் 107 வரை, வினாத்தாளின் கடினத்துக்கேற்ப மாறும். அதாவது, வினாத்தாள் கடினமாக இருந்தால், அறுபது வினா வரை தவறியவரும் தேறக்கூடும். தேறாதவர் மீண்டும் எழுத 90 நாள் இடைவெளி வேண்டும், கட்டணமும் மீண்டும் செலுத்த வேண்டும். அவருக்குக் கிடைக்கும் அறிக்கையில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வினா கேட்கப்பட்டன, எத்தனை சரி என்ற விவரம் இருக்கும். அந்த அறிக்கையை மூடிவைக்காமல், மையத்திலிருந்து திரும்பிய நாளிலேயே, எந்த வகை வினாக்களில் இரண்டு தெரிவுகளுக்கிடையே தயங்கினோம் என்பதை நினைவிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். வினாக்களைப் பிறரிடம் வெளிப்படுத்துவது தேர்வு விதிகளுக்கு முரணானது. ஆனால் தயங்கிய இடம் மதிப்பீட்டிலா, பாதுகாப்பிலா, எல்லை வகுத்தலிலா என்று தனக்காக அறிந்துகொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. 90 நாள் படிப்பையும் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.